தாத்தா கையில் டேப்லெட்: கேள்வி–பதில்

மகன் துபாயிலிருந்து டேப்லெட் அனுப்பினான். எனக்கு 72 வயது. பயந்துபோய் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். எதில் தொடங்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பீரோவுக்கு விளையாடத் தெரியாது அம்மா, வெளியே எடுங்கள்! சாலிட்டேரில் தொடங்குங்கள். தனியாக ஆடும் சீட்டாட்டம் அது. எதிராளி கிடையாது, அவசரமும் கிடையாது. 1990-ல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் 3.0-ல் இதைச் சேர்த்தபோது, மவுஸ் என்றாலே மிரண்ட ஆபீஸ்காரர்கள் பலர் சீட்டை இழுத்து இழுத்துத்தான் மவுஸ் பிடிக்கப் பழகினார்கள். உங்கள் விரலுக்கும் அதே பாடம் போதும். ஒரு வாரம் சீட்டை நகர்த்திவிட்டீர்கள் என்றால் வீடியோ கால், போட்டோ எல்லாம் தானாக வசப்படும்.

நான் பத்து முறை தொட்டாலும் அசையாத ஐகான், பேத்தி ஒரு தடவை தொட்டதும் திறக்கிறது. அவள் விரலில் என்ன மந்திரம்?
– வாசகர், ராஜபாளையம்

மந்திரம் இல்லை ஐயா, ஈரம். டேப்லெட் திரை நாம் அழுத்துவதைப் பார்ப்பதில்லை. விரல் பட்டதும் அந்த இடத்தில் ஏற்படும் மின் மாற்றத்தைத்தான் உணர்கிறது. வயதாக ஆகத் தோல் உலர்ந்துபோகிறது. உலர்ந்த விரல் திரைக்குச் சரியாகத் தெரிவதில்லை. பலமாக அழுத்தினால் நகம்தான் வலிக்கும். கைக்குக் கொஞ்சம் கிரீம் தடவி, பிசுக்குப் போகத் துடைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். ரப்பர் முனை உள்ள டச் பேனாவும் நன்றாக உதவும். மேலே ஒட்டியிருக்கும் கண்ணாடி தடிமனாக இருந்தால் கழற்றிப் பாருங்கள்.

கை நடுங்குகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. செட்டிங்ஸுக்குள் 'அக்ஸசிபிலிட்டி' என்ற பகுதிக்குப் போங்கள். ஐபேட், சாம்சங் இரண்டிலுமே, விரல் எவ்வளவு நேரம் பட்டால் தொட்டதாகக் கணக்கு என்பதை நாமே நிர்ணயிக்கலாம். ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை பட்டுவிட்டால் ஒன்றாக எடுத்துக்கொள்ளவும் சொல்லலாம். எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும் பக்கத்திலேயே இருக்கும். கோளாறு உங்கள் விரலில் இல்லை. இருபது வயது விரலுக்கென்று செட் செய்து கடைக்கு வந்த கருவியை யாரும் உங்களுக்கென்று மாற்றிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மூளைப் பயிற்சி ஆப் வாங்கினால் மறதியே வராதாமே? வருடச் சந்தா கட்டலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

கட்ட வேண்டாம். லுமாசிட்டி என்ற பிரபலமான ஆப்பை நடத்தும் நிறுவனம், வயோதிக மறதியைத் தள்ளிப்போடும் என்கிற ரீதியில் விளம்பரம் செய்தது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் பிடித்துக்கொள்ள, 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். அதுவே பெரிய சந்தோஷம், போடுங்கள். அதற்கு மருந்துச் சீட்டு எழுத வேண்டாம். மறதி புதிதாகத் தலைகாட்டுகிறது என்றால் ஆப்பைத் தேடாமல் டாக்டரைப் பாருங்கள்.

பந்தயம் வைத்து ஆன்லைன் ரம்மி?
– வாசகர், திருப்பூர்

கூடவே கூடாது. 2025-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே எத்தனையோ குடும்பங்களை அழித்த விளையாட்டு அது. பென்ஷன் பணம் உங்கள் உழைப்பு. சீட்டு ஆசையா? காசில்லாமல் ஆடுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். பொழுதுபோகவும் வேண்டும், மூளைக்கு வேலையும் வேண்டும்.
– வாசகர், பாளையங்கோட்டை

வாத்தியாருக்கு லிசெஸ் பொருத்தம். சதுரங்கத்துக்கான ஆப். காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. கம்ப்யூட்டரோடு ஆட எட்டு நிலைகள். முதல் நிலையில் ஜெயித்துவிட்டு மேலே ஏறுங்கள். தமிழில் குறுக்கெழுத்து ஆப்களும் இருக்கின்றன. ஆனால் சிலவற்றில் ஒற்றுப்பிழை மலிந்து கிடக்கும், சிவப்பு மைப் பேனா தேடிக் கை அலையும். வாசிக்க வேண்டுமென்றால் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் சங்க இலக்கியம் தொடங்கி இலவசமாகக் கிடைக்கிறது. அச்சுப் புத்தகத்தில் பூதக்கண்ணாடி கேட்ட உரைநூலை இங்கே இரண்டு விரலால் விரித்தே பெரிதாக்கலாம்.

பேரன் வெளிநாட்டில் என்றால் லூடோ கிங் போடுங்கள். மும்பைக்காரர்கள் செய்தது. ஓர் எண்ணைப் பகிர்ந்துகொண்டால் நீங்கள் இருவர் மட்டும் ஆடலாம். அவன் காயை வெட்டும்போது தயவு தாட்சண்யம் வேண்டாம்!

நடுவில் விளம்பரம் வந்து தொலைக்கிறது. மூடப் போனால் வேறு ஏதோ திறக்கிறது.
– வாசகி, மார்த்தாண்டம்

மூடும் குறியைக் கடுகளவு வைப்பது அவர்கள் தொழில். அதைக் கண்டால் எனக்கும் கோபம்தான் வருகிறது. சாலிட்டேர், சுடோகு போன்றவற்றுக்குப் பெரும்பாலும் நெட் தேவையில்லை. ஏரோப்ளேன் படத்தைத் தொட்டு ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு ஆடுங்கள், விளம்பரத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. பேங்க் ஆப்பை இந்த டேப்லெட்டில் வைக்கவே வேண்டாம். "பரிசு விழுந்திருக்கிறது" என்று எது வந்தாலும் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

"இந்த வயசுல கேமா?" என்று மருமகள் சிரிக்கிறாள்.
– வாசகி, காரைக்குடி

ஜப்பானில் மசாகோ வகாமியா என்ற பாட்டி இருக்கிறார். 1935-ல் பிறந்தவர், வங்கியில் வேலை பார்த்தவர். செல்போன் விளையாட்டெல்லாம் இளசுகளுக்கே இருக்கிறதே என்று 81 வயதில் புரோகிராம் எழுதக் கற்று, தானே ஒன்றைச் செய்தார். ஹினாடன் என்று பெயர். அவர்கள் ஊர்க் கொலுவில் எந்தப் பொம்மை எந்தப் படியில் என்று சரியாக வைக்க வேண்டும். சம்பிரதாயம் தெரிந்த பெரியவர்களுக்குத்தான் வெற்றி! 2017-ல் ஆப்பிள் நிறுவனம் தன் மாநாட்டுக்கு அவரை அழைத்தது. மருமகளிடம் இதைச் சொல்லி, ஆட்டத்துக்கும் கூப்பிடுங்கள்.

அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தால் மறுநாளே மறந்துவிடுகிறார். எனக்குப் பொறுமை போகிறது.
– வாசகர், அம்பத்தூர்

முதலில் உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். "கொடுங்கப்பா" என்று வாங்கி நீங்களே நாலு தட்டு தட்டினால் அவர் எதைக் கற்பார்? அவர் விரலே தொடட்டும், தப்பாகவே தொடட்டும். படிகளை அவர் கையெழுத்திலேயே நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். முகப்பில் கிடக்கும் முப்பது ஐகானை எடுத்துவிட்டு நாலு மட்டும் விடுங்கள்.

மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி ஒதுக்கி, அப்பா அம்மா டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். கடவுச்சொல் இல்லாமல் எதையும் வாங்க முடியாதபடி பிளே ஸ்டோரைப் பூட்டுங்கள். பிறகு எதிரே உட்கார்ந்து ஓர் ஆட்டம் போடுங்கள்.