முதிரைக் கதவைத் தட்டிப் பார்த்தல்: ஓர் ஆய்வு

யாழ்ப்பாணத்தில் புது வீடு பார்க்க வருகிறவர், செருப்பைக் கழற்றியதும் நடுவிரலை மடக்கி முன்கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளேயிருந்து "ஆரது?" என்று குரல் வரும். வந்தவர் அதைக் காதில் வாங்காமல், "முதிரையோ?" என்பார். இந்தத் தட்டலின் அறிவியல் பெறுமதியை அளப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரையறை. இங்கே முதிரை என்பது பருப்பு வகையன்று. ஆனையிறவுக்கு அப்பால் வன்னிக் காட்டில் வளரும் வைர மரம். தாவரப் பெயர் குளோரோசைலோன் சுவைட்டேனியா. அதை முதலில் விவரித்த ரொக்ஸ்பரோ, மகோகனியின் இனமென்று எண்ணி அதன் பேரினமான சுவைட்டேனியாவில் சேர்த்துவிட்டார். பிறகு பார்த்தால் அது கறிவேப்பிலை, எலுமிச்சையின் குடும்பம். அறிஞரே ஏமாந்த மரத்தில் வீடு பார்க்க வருகிறவர் ஏமாறுவது பெரிய குற்றமல்ல.

அடையாளம் காண்பதில் மூன்று மரபுகள் உண்டு. 'கணீர்' என்றால் முதிரை என்பது தட்டல் மரபு. ஆனால் பலகையின் தடிப்பும் பிணைச்சலின் இறுக்கமும் அந்தச் சத்தத்தை மாற்றிவிடும். பொன்மஞ்சளைத் தேடுவது நிற மரபு. புதிதாய் அரிந்த பிலாவும் மஞ்சள்தான். மூன்றாவது பார மரபு. காய்ந்த முதிரை கன அடிக்கு ஏறக்குறைய 27 கிலோ, தேக்கு 18 கிலோ சொச்சம். நம்பத்தக்க முறைதான். கதவைக் கழற்ற வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவே.

உண்மையான சோதனை தச்சரின் பட்டறையில் நடக்கிறது. முதிரையின் நார் ஒரு பட்டையில் இப்படியும் அடுத்ததில் அப்படியும் சாய்ந்து ஓடும். சீவுளி ஒன்றை மழமழப்பாக்கும்போது பக்கத்தில் சிராய் கிளம்பும். அலகை மயிரிழையளவு வெளியே விட்டுச் சீவி, பலகையை வெயிலில் சாய்த்தால் பட்டுச்சேலை மடிப்புப் போல மினுக்கம் இடம் மாறும். துளை போடாமல் அடித்த ஆணி வளையும், இல்லையேல் பலகை வெடிக்கும். தூள் பட்டுச் சிலருக்குத் தோல் அரித்துத் தடிக்கும். அவர்களுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உறுதிக்குச் சாட்சி பேராதனை. மகாவலியின் மேல் 1833இல் முதிரையால் கட்டிய ஒற்றை வளைவுப் பாலம் 1905 வரை நின்றது.

தட்டலுக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். போரால் 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, பின் திரும்பிய பலர் கண்டது, நிலையும் கதவும் யன்னலும் பிடுங்கப்பட்ட வெறும் சுவர்களை.

முடிவு: விரலால் முதிரையை அறிய முடியாது. கதவின் மேல்விளிம்புக்குப் பொலிஷ்காரர் கை அநேகமாகப் போவதில்லை. மரத்தின் உண்மை நிறம் அங்கேதான் இருக்கும். ஆய்வாளர்கள் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறிப் பார்க்கலாம். அதற்கு முன், உள்ளேயிருந்து வந்த "ஆரது?"வுக்குத் தயவுசெய்து பதில் சொல்லவும்.