ஏலே, எதிர்ப்பு சக்தி என்ன விலை?

ஏலே மருமவனே, தும்முதியா? தும்மு, தும்மு. ரெண்டு தும்மலுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? மேசை மேல என்னலே கடை பரப்பி வச்சிருக்க? இம்யூனிட்டி பூஸ்டர் பொடி, இம்யூனிட்டி பூஸ்டர் மிட்டாய், இம்யூனிட்டி பூஸ்டர் பிஸ்கட்டு! விட்டா தாமிரபரணித் தண்ணியை மோந்து அதுக்கும் இதே சீட்டை ஒட்டி வித்துருவானுவ. வாங்கதுக்கு நீ இருக்கும்போது விக்கதுக்கு அவனுக்கு என்ன நோவுது?

ஆழ்வார்திருநகரியில கம்பவுண்டரா மருந்து கலக்கிக் கொடுத்த கை இது. சளின்னு வந்து நின்னவனுவள எத்தனை பேரைப் பாத்திருப்பேன்! ஒண்ணு கேக்கேன், சொல்லு. சக்தியைக் கூட்டுதேன் கூட்டுதேங்கியே, எங்க கூட்டப்போற? மூக்குலயா, நெஞ்சுலயா? எப்பக் கூட்டப்போற? மொத நாளா, பத்தாம் நாளா? என்ன முழிக்க? டப்பாவுல அது போடலையோ?

நான் சின்னப்பயலா இருந்தப்ப தெரு பூராவும் பனையோலைக் கூரைதான். ஒரு வீட்டுல பொறி விழுந்துச்சுன்னா அந்த வீட்டுக்காரி மொதல்ல போடுதது சத்தம். சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்துக்காரன் அவனவன் கூரையில ஏறிக் குடங்குடமா தண்ணியை ஊத்துவான். எரியுத வீடு போச்சு, தெரு தப்பிச்சுரும். மூக்குக்குள்ள நடக்கதும் அச்சு அசல் இதாம்லே. வைரஸ் புகுந்த செல்லு, தான் அழியப்போறோம்னாலும் பக்கத்துச் செல்லுக்கு ஒரு சத்தம் கொடுத்துரும். அந்தச் சத்தத்துக்குப் பேரு இண்டர்ஃபெரான். 1957-ல லண்டன்ல ஐசக்ஸ்னு ஒருத்தரும் லிண்டன்மான்னு ஒருத்தரும் கண்டு சொன்னது. அது காதுல விழுந்த செல்லுக்குள்ள வைரஸ் போனாலும் லேசுல குட்டி போட முடியாது.

சத்தம் தாமசமாச்சுன்னா? தீ நாலு கூரை தாண்டிரும். அப்புறம் வாரவன் குடத்தோடயா வருவான்? அரிவாளும் கடப்பாரையுமால்லா வருவான்! எரியாத கூரையையும் சேத்துப் பிச்சு எறிவான். கொரோனாவுல பத்தாம் நாளு மூச்சு முட்டிக் கிடந்தானுவளே, அதுல பாதி வைரஸ் செஞ்ச வேலை. மீதி, காப்பாத்த வந்த நம்ம படையே நுரையீரலை நீர் கோக்க வச்ச வேலை. அமெரிக்காவுல மிசிசிப்பிப் பக்கம் நோயாளிக மூக்கைத் துடைச்சு எடுத்து ஆராய்ஞ்சு 2021-ல எழுதினானுவ. நோய் முத்துனவங்க மூக்குல அந்த மொத சத்தமே ஈனசுரத்துலதான் கேட்டுச்சாம். இப்ப சொல்லு, அவங்களுக்குச் சக்தி குறைச்சலா, கூடுதலா? மூக்குல குறைச்சல், நெஞ்சுல கூடுதல். ஒன் மிட்டாய் எந்தப் பக்கம் போய் நிக்கும்?

இதுக்கு ருசு வேணுமா? 2020 ஜூன்ல ஆக்ஸ்ஃபோர்டுக்காரன் கொரோனாவுக்கு டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டைச் சொன்னான்லா? வென்டிலேட்டர்ல கிடந்தவங்கள்ல சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. அது எதிர்ப்பு சக்தியை ஏத்துத மருந்துன்னா நினைச்ச? அடக்குத மருந்துலே! ஆனா ஆக்சிஜன் தேவைப்படாத ஆளுக்கு அதனால ஒரு பிரயோசனமும் இல்லைன்னு அதே ஆய்வு சொல்லிச்சு. நம்மாளு கேட்டானா? அடுத்த வருசம் ரெண்டாம் அலையில, லேசாத் தொண்டை கரகரத்ததுக்கே வாட்ஸப்புல வந்த சீட்டைக் காட்டி ஸ்டீராய்டை வாங்கி முழுங்கினான். குடத்துக்காரன் ஏறும்போதே ஏணியைத் தட்டிவிட்டா என்னாவும்? சக்கரை எகிறி, கண்ட கண்ட ஸ்டீராய்டும் சேந்து, கருப்புப் பூஞ்சை வந்து கண்ணைத் தோண்டி எடுத்த கதை தெரியும்லா?

இன்னொரு கூத்து கேளு. மூக்குக்குள்ள சூடு 33 டிகிரி பக்கம், நெஞ்சுக்குள்ள 37. 2015-ல யேல் பல்கலைக்கழகத்துல எலியோட மூச்சுக்குழாய்ச் செல்லை வச்சுப் பாத்தாங்க. குளுமையில இந்த இண்டர்ஃபெரான் சத்தம் அமுங்கிப்போவுது, சளி வைரஸ் நல்லாப் பெருகுதுன்னு கண்டாங்க. மார்கழிப் பனியில தலையைப் போத்திக்கிட்டுப் போலேன்னு ஒங்க ஆச்சி கத்துனதுக்கு நீ சிரிச்சியே! சிரி. ஆச்சி எலியை அறுத்துப் பாக்கலைதான்.

சின்னப்புள்ளையளுக்குக் கொரோனா ஏன் பெருசாத் தாக்கலைன்னு பெர்லின்காரனுவ மூக்குக்குள்ளதான் தேடினானுவ. எந்நேரமும் மூக்கொழுக்கிக்கிட்டுத் திரியுதுவளே, அதுவ மூக்குச் செல்லு ஏற்கெனவே காதைத் தீட்டி வச்சுக்கிட்டு இருக்காம். பெரியாளுவ கதை வேற. சில பேரு ஒடம்பு அந்த இண்டர்ஃபெரானையே எதிரின்னு நினைச்சு முடக்கிருது. கொரோனாவுல உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கிடந்த 987 பேர்ல 101 பேருக்கு அப்படின்னு 2020-ல கண்டாங்க. அந்த 101-ல 95 ஆம்பளை! மீசையை முறுக்கினா மட்டும் போதுமாலே? எழுபது தாண்டினவங்கள்ல நூத்துக்கு நாலு பேரு இந்தக் கோளாறோட இருக்காங்களாம். அது தெரிஞ்சதுல இருந்து நானும் இருமலைக் கேட்டா நாலடி தள்ளித்தான் நிக்கேன்.

கையில தடுப்பூசி போட்டும் எனக்கு ஏன் கொரோனா வந்துச்சுன்னு அன்னைக்கு என்னமாக் குதிச்ச! ஊசி ரத்தத்துல ஆளை நிறுத்துது, நெஞ்சைக் காக்குது. அதான் நீ இன்னைக்கு நின்னு பேசுத. மூக்கு ஈரத்துல காவல் நிக்க வேண்டிய ஐஜிஏங்கிற எதிர்ப்பொருளை அது அவ்வளவாக் கொண்டு வராது. அதுக்குன்னே ஐதராபாத்து பாரத் பயோடெக் மூக்குல விடுத சொட்டு செஞ்சுச்சு. 2022 செப்டம்பர்ல அனுமதி, 2023 குடியரசு நாளன்னைக்கு வெளியீடு. ஒரு தடவைக்கு ஒரு மூக்குக்கு நாலு சொட்டு. நம்ம ஊருக்காரன் செஞ்ச அதை எத்தனை பேரு சீந்தினான்? அமேசான்ல வார மிட்டாய்க்கு மட்டும் க்யூ.

சவத்த, பேசிப் பேசி என் தொண்டைதான் வறண்டுட்டு. சுக்குக்காபி போடச் சொல்லு, உடன்குடிக் கருப்பட்டி தட்டிப் போடணும். தொண்டைக்கு இதமா இருக்கும், அவ்வளவுதான். அதுக்கும் ஒரு பட்டம் கட்டிராத. ரெண்டு நாளு வீட்டுல கிடந்து உறங்கு. மூச்சு வாங்கினா ஆஸ்பத்திரிக்கு நட, மருந்துக்கடைக்கு நடக்காத. ஒம்பது கோயில் பெருமாளும் கருடன் மேல வார நம்ம ஊரு வைகாசி கருடசேவைக்குக் கூட்டம் சேரும்போதும் இப்படித் தும்மினியானா, ஒம்பது கருடனையும் தள்ளி நின்னு சேவிச்சுக்கோ. ஆச்சிக்குக் கண்ணு தெரியலைன்னு அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு மூஞ்சிக்கு நேரா மட்டும் நிக்காத, என்ன?