டிவிக்குள் நிற்கும் கார்களுக்கு ஆர்.சி. புத்தகம் வேண்டி ஒரு மனு

அனுப்புநர்:
கார் வைத்திருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் ஒரு குடிமகன்,
மூன்றாவது மாடி (லிஃப்ட் இல்லை).

பெறுநர்:
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்.

பொருள்: ரேஸ் கேமில் வாங்கிய கார்களைப் பதிவு செய்து ஆர்.சி. வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என்னிடம் இரண்டு வகை வண்டிகள் உள்ளன. ஒன்று, வாசலில் நிற்கும் ஸ்கூட்டர். கிக்கரை உதைத்தால் கிளம்புவதும் கிளம்பாததும் அதன் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. ஆனாலும் அதற்கு ஆர்.சி. உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, புகைச் சான்றிதழ் உண்டு. போலீஸ்காரர் மறித்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எடுத்து நீட்டுவேன். மற்றவை ஹாலில், டிவிக்குள் நிற்பவை. கிரான் டூரிஸ்மோ 7 என்ற ஜப்பானிய ரேஸ் கேமில் ஓட்டி ஓட்டிச் சம்பாதித்துச் சேர்த்தவை. ஒவ்வொன்றையும் கழுவி, ஆயில் மாற்றி, பொருத்தமான ரிம் தேடி, கதவில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் பெயரை ஸ்டிக்கராக ஒட்டி வைத்திருக்கிறேன். இவை என்னுடையவை என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

“கேம்ல இருக்கிற காருக்கு எதுக்கு சார் ஆர்.சி.? யாரு தூக்கிட்டுப் போகப்போறா?” என்று தங்கள் அலுவலக வாசலில் படிவம் நிரப்பித் தரும் அண்ணன் கேட்டார்.

தூக்கிக்கொண்டுதான் போனார்கள், ஐயா. யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்றொரு கேமை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் ஒரே வரைபடமாகச் சுருக்கியிருந்தார்கள்; நியூயார்க்கில் ஏறி உட்கார்ந்தால் கலிஃபோர்னியா கடற்கரைவரை ஓட்டிக்கொண்டே போகலாம். தனியாளாக ஓட்டினாலும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு இருந்தாக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 2024 மார்ச் 31 அன்று அந்த சர்வரை அணைத்தார்கள். உலகம் முழுக்க ஆட்கள் வருடக்கணக்கில் சேர்த்து, பெயின்ட் அடித்து, பாகம் பாகமாக மாற்றி வைத்திருந்த கார்கள் அத்தனையும் அன்றோடு போயின. போதாததற்கு, காசு கொடுத்து வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அந்த கேமின் உரிமத்தை நீக்கினார்கள். தவணை கட்டாத வண்டியைத் தூக்கும் ஃபைனான்ஸ்காரர்கூட எந்த யார்டில் நிற்கிறது என்று விலாசம் சொல்வார். இங்கே தவணையே இல்லை. முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது.

ஒரு புதிய காருக்குத் தாங்கள் கொடுக்கும் ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். காற்று கெட்டுப்போன டெல்லியில்கூட டீசல் காருக்கு நீதிமன்றம் 2018-இல் வைத்த கெடு 10 ஆண்டு. ஒரு சொட்டுப் புகை விடாத தி க்ரூ கார்களுக்கு வாய்த்த ஆயுள் ஏறக்குறைய 9 ஆண்டு 4 மாதம். அந்த நிறுவனத்தைத் தங்கள் மாசுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டால் நாட்டுக்கு நல்லது.

ஆகவே பதிவுக்கான படிவம் 20-ஐ வாங்கி நானே நிரப்பத் தொடங்கினேன். சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒட்ட வேண்டும் என்றார்கள். டிவி திரைமேல் காகிதத்தை வைத்துத் தேய்த்ததில் தூசி மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. அதையே ஒட்டியிருக்கிறேன்.

அடுத்து, தயாரிப்பாளர் பெயர். அங்கேதான் எனக்கு ஒரு பழைய விவகாரம் நினைவுக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி 2016 வரை, போர்ஷே கார்களை கேமில் காட்டும் உரிமையை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற வேறொரு கேம் நிறுவனம் தன் கையில் வைத்திருந்தது. அந்தக் காலத்து கிரான் டூரிஸ்மோவில் போர்ஷே கிடையாது; ரூஃப் உண்டு. போர்ஷேயிடமிருந்து மொட்டை பாடியை வாங்கி, தன் சொந்த சேசிஸ் நம்பரைப் பொறித்து, தன் பெயரில் கார் கட்டும் ஜெர்மன் பட்டறை அது. ஜெர்மன் அரசே அதைத் தனித் தயாரிப்பாளர் என்று அங்கீகரித்திருக்கிறது. பார்வைக்கு போர்ஷே, பத்திரத்தில் ரூஃப். என் தலைமுறை ஆட்கள் வருடக்கணக்கில் பினாமி பெயரில் போர்ஷே ஓட்டியவர்கள், ஐயா. அதற்கு ஏதும் அபராதம் இருந்தால் தவணையில் கட்டிவிடுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் எனக்குத் தெரியும். நிறுவனம் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. கேமில் நான் அந்தப் பிரிவை நாள்தோறும் மீறுகிறேன். டர்போ மாட்டுகிறேன், எடையைக் குறைக்கிறேன், பின்னால் துணி காயப்போடலாம் போன்ற ஒரு விங் வைக்கிறேன். ஒரு காரின் வயிற்றில் வேறொரு காரின் எஞ்சினை இறக்குகிறேன். வாசலில் நிற்கும் வண்டியில் ஹாரனை மாற்றினாலே மறித்து நிறுத்துகிற நாட்டில், இந்த ஆசையை எல்லாம் வேறு எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பது? ஆனால் தாங்கள் பெருமைப்படும்படி ஒரு செய்தி: பாடியை இருபுறமும் அகலப்படுத்தும் வைட்பாடி வேலையை அங்கே ஒருமுறை செய்தால் செய்ததுதான். பழையபடி வேண்டுமென்றால் அதே காரை இன்னொரு தடவை வாங்க வேண்டும். தங்கள் ஆய்வாளர் சத்தம் போடும் சைலன்ஸரைக் கழற்றச் சொல்வதோடு விட்டுவிடுகிறார். கண்டிப்பு என்றால் என்ன என்று கேம் செய்தவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

வரிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். கிரான் டூரிஸ்மோ 7 வந்த புதிதில் மெக்லாரன் எஃப்1 காரின் விலை 1 கோடியே 85 லட்சம் கிரெடிட் (அங்கே பணத்துக்குப் பெயர் அதுதான்). அதில் 20 சதவீதம் 37 லட்சம் கிரெடிட். கட்டத் தயாராக இருக்கிறேன். வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள் என்பதை மட்டும் தெளிவுபடுத்த வேண்டும்: காருடையதா, என்னுடையதா, சர்வருடையதா?

அந்த விலை எங்கிருந்து வந்தது என்றும் தாங்கள் கேட்கலாம். பழம்பெரும் கார்களின் விலையை ஹேகர்ட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பார்த்து வைத்தார்கள். நிஜ உலகில் அரிய பழைய கார்களுக்கு இன்சூரன்ஸ் போடும் நிறுவனம் அது. விலையை நிஜத்திலிருந்து எடுத்தவர்கள் சம்பளத்தை எடுக்கவில்லை. 2022 மார்ச் 4-இல் கேம் வந்தது. இரண்டு வாரத்துக்குள் ஓர் அப்டேட். ஃபிஷர்மன்ஸ் ரான்ச் என்ற மண் பாதைப் பந்தயத்தின் பரிசு 65,000 கிரெடிட்டிலிருந்து 30,000 ஆனது. போனஸை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், அந்த மெக்லாரனுக்கு அதே மண்ணில் அறுநூறு தடவைக்கு மேல் முதலிடம் வர வேண்டும். வேண்டாம் என்றால் நிஜப் பணத்துக்கு கிரெடிட் விற்கும் கடை பக்கத்திலேயே திறந்திருந்தது. அந்த அப்டேட்டோடு சர்வரும் 30 மணி நேரத்துக்கு மேல் படுத்துவிட்டது. இணைப்பு இல்லாததால் வீட்டில் தனியாக ஓட்டுபவரும் தன் கராஜுக்குள் போக முடியவில்லை. கேமை உருவாக்கிய கசுனோரி யமவுச்சி, காரின் விலை அதன் மதிப்பையும் அருமையையும் உணர்த்துவது, அது நிஜ உலகோடு ஒட்டியிருக்க வேண்டும் என்ற பொருளில் விளக்கம் எழுதினார். கூச்சல் அடங்காததால் பிறகு மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு 10 லட்சம் கிரெடிட் கொடுத்து, பல பந்தயங்களின் பரிசையும் உயர்த்தினார்கள். கத்தினால் கிடைக்கும் என்பதற்கு இது ஓர் அத்தாட்சி. நான் மனு எழுத உட்கார்ந்ததே அந்தத் தைரியத்தில்தான்.

ஓட்டுநர் உரிமம் என்னிடம் முறைப்படி உள்ளது. 1997-இல் வந்த முதல் கிரான் டூரிஸ்மோ தொட்டே அங்கும் லைசன்ஸ் பரீட்சை உண்டு. வளைவில் கோட்டைத் தாண்டினால் அந்த நொடியே தோல்வி. புரோக்கர் கிடையாது. இதற்கு மேல் ஒப்பிட்டு எழுதுவது மரியாதை இல்லை என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

ஐயா, கடையில் ‘வாங்கு’ என்று பொத்தான் வைக்கிறார்கள். அழுத்திப் பணம் கட்டிய பிறகு, நீ வாங்கியது காரும் இல்லை, கேமும் இல்லை, விளையாடிக்கொள்ள ஓர் அனுமதி மட்டுமே என்று யாரும் படிக்காத ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். தி க்ரூவுக்காக கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டவர்களிடமும் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் வக்கீல்கள் இதைத்தான் சொன்னார்கள். அந்த மாகாணம் ஒரு சட்டமே போட்டுவிட்டது: 2025 ஜனவரி முதல், பறித்துக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் பொருளை ‘வாங்கு’ என்று சொல்லி விற்றால், இது உரிமம் மட்டுமே என்று கண்ணில் படும்படி எழுத வேண்டும். ஐரோப்பாவிலோ, ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தின் மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டுவிட்டார்கள். அவர்கள் இலவசமாக எதையும் கேட்கவில்லை. கடையை மூடும்போது, சர்வர் இல்லாமலும் கேம் ஓடும்படி செய்து கொடுத்துவிட்டு மூடுங்கள் என்கிறார்கள். முடியாத காரியமும் இல்லை. இத்தனை கூச்சலுக்குப் பிறகு தி க்ரூ 2-க்கு அதே நிறுவனம் ஆஃப்லைன் வசதி செய்து கொடுத்தது.

டிவிக்குள் இருக்கும் காருக்கு ஆர்.சி. தர விதியில் இடமில்லை என்று இந்த மனுவைத் தாங்கள் தள்ளுபடி செய்யக்கூடும். அப்படியானால் தள்ளுபடி உத்தரவிலாவது, ‘மனுதாரருக்குச் சொந்தமான மேற்படி கார்கள்’ என்று ஓர் இடத்தில் எழுதி, முத்திரை குத்தித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
மனுதாரர்.

இணைப்பு: நிரப்பிய படிவம் 20, கார்களின் புகைப்படங்கள் (இரவு வெளிச்சத்தில் எடுத்தவை, கொஞ்சம் நன்றாகவே வந்திருக்கின்றன).