விளையாட்டுப் பிள்ளையின் உத்தியோகம்

பெயருக்குப் பின்னால் பி.இ. போட்டுக்கொள்கிற வழக்கம் அண்ணன்மார் காலத்தோடு போயிற்று. ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து, அரியர்களைத் தவணை முறையில் அடைத்து இவர் வாங்கிய பட்டம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பெயருக்குப் பின்னால் இருப்பது ‘ஒய்டி’, யூடியூபின் சுருக்கம். தெருவில் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. “ராத்திரியெல்லாம் கத்துமே, அந்தத் தம்பி வீடு” என்றால் பால்காரரே கூட வந்து காட்டிவிட்டுப் போவார்.

கத்துவது உண்மைதான். நேரில் இவரைப் போல் அடக்கமான பிள்ளை கிடையாது. “சாப்ட்டியா கண்ணு?” என்று அம்மா கேட்டால் “ம்”. விருந்தாளிகளுக்கு அதுவும் கிடையாது. கேமராவை முடுக்கினால் ஆளே வேறு. “ஹாய் மக்களே!” என்று எடுக்கிற எடுப்பில் அடுப்படிப் பூனை எழுந்து ஓடும். ஒரு நள்ளிரவில், “மாடில ஒருத்தன் இருக்கான்டா, விடாத, முடிச்சிரு!” என்று இவர் போட்ட சத்தத்தைக் கேட்டு, நிஜ மாடியில் குடியிருந்த வங்கிக்காரர் அந்த மாதமே வீட்டைக் காலி செய்தார். அட்வான்ஸைக்கூடப் பிறகு தம்பியை அனுப்பித்தான் வாங்கிக்கொண்டார்.

அலுவலகம் பத்துக்குப் பத்து அறை. கேமராவுக்குத் தெரிகிற பக்கம் ஊதா வெளிச்சம், பொம்மைகள், சுழல் நாற்காலி. தெரியாத பக்கம் அரிசி மூட்டையும் மாவு கிரைண்டரும். கம்ப்யூட்டரை அவரே கோத்தார். சென்னை ரிச்சி தெருவில் நாள் முழுக்க அலைந்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டை, கைக்குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். விலையை இன்றுவரை அப்பாவிடம் சொல்லவில்லை. “ஆஃபர்ல கெடச்சுதுப்பா” என்பதோடு சரி.

பள்ளியில் பானிபட் போர் நடந்த ஆண்டை எழுதாமல் விட்டவர் இவர். ஆனால் தொழில் சரித்திரம் தலைகீழ்ப் பாடம். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி உட்பட 118 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது, 2021 ஜூலையில் அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்று இந்தியப் பெயர் சூட்டிக்கொண்டு வந்தது, 2022 ஜூலைக் கடைசியில் அதுவும் காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நடுவில் ஃப்ரீ ஃபயர் தடையானது 2022 பிப்ரவரி 14. காதலர் தினத்தன்று பிள்ளை சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதைப் பார்த்த அம்மா, “எந்த ஊருப் புள்ளைன்னு சொல்லு கண்ணு, அப்பாகிட்ட நான் பேசறேன்” என்றார்.

ஒரே உத்தரவில் கடையை இழுத்து மூடிவிடுகிற தொழில் என்பதால், இப்போது மைன்கிராஃப்ட், ஜிடிஏ ஐந்து என்று நான்கு இடத்தில் கடை விரித்திருக்கிறார். ஜிடிஏ ஐந்து வெளிவந்தது 2013-இல். அப்போது தொட்டிலில் கிடந்தவர்கள்தாம் இப்போது இவருக்கு வாடிக்கையாளர்கள்.

ஒருத்தன் கீழே கைகட்டி வேலை பார்க்க என்னால் ஆகாது என்று வளாக நேர்காணலில் கிடைத்த வேலையை உதறியவர் இவர். இப்போது இவருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் பெயர் அல்காரிதம். அதற்கு முகம் கிடையாது. ஒரு வாரம் வேலைக்கு வராவிட்டால் ஏன் என்றும் கேட்காது, பார்வைகளைப் பாதியாக்கிவிட்டுச் சும்மா இருக்கும். காய்ச்சலோடு கத்தியிருக்கிறார். தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தலுக்குப் பின்னால் நின்று வீடியோ ஏற்றியிருக்கிறார். படிக்கிற காலத்தில் தேர்வு அட்டவணையைத் திரும்பிப் பார்க்காத ஆள், இப்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுத் தேதி வந்ததும் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவைக்கிறார். மார்ச்சில் பஞ்சம், மே மாதம் அறுவடை. விளையாட்டு என்று பார்த்தால் நாளைக்கு இரண்டு மணி நேரம் தேறாது. மீதியெல்லாம் வெட்டுவது, ஒட்டுவது, முகப்புப் படத்துக்காக வாயைப் பிளந்தபடி கண்ணாடி முன்னால் நிற்பது. எட்டு நிமிடத்தைத் தாண்டினால்தான் வீடியோவுக்கு நடுவில் விளம்பரம் செருகலாம் என்பது விதி. விஷயமோ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். லைக் போடச் சொல்லி, போன வீடியோவுக்குப் போடாதவர்களைக் கோபித்து, பெல்லைத் தட்டச் சொல்லி, “கடைசில இருக்கு ட்விஸ்ட்டு” என்று நாலு தரம் சொல்லி, எப்படியோ 8:04-இல் கரையேறுவார்.

நேரலை என்றால் அம்மாவும் நடிகர் பட்டியலில் உண்டு. ஒருநாள் உச்சக்கட்டத் துப்பாக்கிச் சூட்டின்போது, “கண்ணு, கேஸ்காரர் வந்திருக்காரு, கதவத் தொற!” என்று வெளியிலிருந்து குரல். அன்று சாட் முழுக்க “கேஸ் வந்திருச்சு ப்ரோ” மயம். ஒரு ரசிகர் மனமிரங்கி, சிலிண்டருக்கு என்று எழுதி 50 ரூபாய் சூப்பர் சாட் போட்டார். கம்பெனி 30 சதவீதத்தை எடுத்துக்கொண்டு 35 ரூபாய் மிச்சம் வைத்தது. கேஸ்காரருக்கு டிப்ஸ் கொடுக்கக் காணாது என்றார் அம்மா.

அப்பாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இவரைப் பற்றிச் சொன்னதாகாது. கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆரம்பத்தில் இவர் ப்யூடிபை கதையை ஆதாரமாகக் காட்டினார்: ஸ்வீடன்காரர், சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பை விட்டவர், ஹாட் டாக் கடையில் நின்று சம்பாதித்தபடி வீடியோ போட்டவர், 2019 ஆகஸ்டில் பத்துக் கோடி சந்தாதாரர்களைத் தொட்டவர். அப்பா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, நீ எப்பக் கடை போடப்போற?” என்றார். 2021 ஜூனில், பப்ஜி ஆடிக்கொண்டே ஆபாசமாகப் பேசிய ஒருவர் தர்மபுரியில் கைதான செய்தியை டிவியில் பார்த்த அன்று இரவு, மகனின் அறைக் கதவில் காது வைத்து நின்று ஒவ்வொரு வார்த்தையாகத் தணிக்கை செய்தார். “நூப்புன்னா என்ன? கெட்ட வார்த்தையா?” என்று மறுநாள் விளக்கம் கேட்கப்பட்டது.

அவரை மாற்றியது ஒரு சாதாரணத் தபால். விளம்பரக் கணக்கில் பத்து டாலர் சேர்ந்தால், முகவரி உண்மைதானா என்று பார்க்க கூகுள் ஒரு ரகசிய எண்ணைக் கடிதத்தில் அனுப்பும். நூறு டாலர் சேர்ந்தபின்தான் பணம். இதைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகவரிச் சரிபார்ப்பு, குறைந்தபட்சத் தொகை, மாதத்தின் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு பட்டுவாடா! இது கருவூலம் அல்லவா? வீடியோவுக்கு மஞ்சள் டாலர் விழுந்தால், அதாவது விளம்பரம் குறைந்தால், அதற்கு அவர் வைத்த பெயர் “அப்ஜெக்ஷன்”. ஒருமுறை எச்சரிக்கை வந்தபோது மேல்முறையீட்டை அவரே சொல்லச் சொல்ல இவர் தட்டினார். பொருள், பார்வை ஒன்று, பார்வை இரண்டு, ‘பணிந்து சமர்ப்பிக்கிறேன்’ என்று போன மனு, அந்தப் பெட்டியின் எழுத்து வரம்பில் ‘பார்வை இரண்டு’ தாண்டவில்லை. 2024 ஏப்ரலில் பிரதமர் விளையாட்டு வீடியோக்காரர்கள் சிலரை அழைத்துப் பேசினார் அல்லவா, அந்தச் செய்தியை நாளிதழிலிருந்து கத்தரித்து, தேதியிட்டுக் கோப்பில் சேர்த்திருக்கிறார்.

லட்சம் சந்தாதாரர் சேர்ந்து வெள்ளிப் பட்டன் வந்தபோது அம்மா அதை உறவுக்காரத் தட்டானிடம் உரசக் கொண்டுபோனார். வெள்ளி இல்லை என்று தெரிந்ததும் முகம் விழுந்துவிட்டது. “இதுக்கா இந்தக் கத்து கத்துன?”

ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிற வீடியோவில் ரம்மி விளம்பரத்துக்கு வாய் கொடுத்துக் காசு பார்த்தவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. அதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடுக்கும் சட்டம் வந்ததும் அந்தக் கடை மூடிற்று. நம்மவருக்கும் அழைப்பு வந்ததுண்டு. அப்பா ஒப்பந்தத்தை வாங்கிப் படித்து, ‘விதிகளில் இடமில்லை’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது வீட்டில் பெண் பார்க்கிறார்கள். திருமணத் தளத்தில் தொழில் என்ற கட்டத்தில் ‘மீடியா’ என்று நிரப்பியிருக்கிறது. போன மாதம் கோபியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் தம்பி இவரைப் பார்த்ததும், “ப்ரோ, நீங்களா!” என்று காபியைக் கொட்டினான். பெண்ணின் அப்பாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

“மாப்பிள்ளைக்குப் பொழுதுபோக்கு என்னங்க?”

இவர் வெகுநேரம் யோசித்தார். “தூங்குறதுங்க மாமா.”

“வேலை நிரந்தரமுங்களா? பி.எஃப். ஏதாச்சும் புடிக்கிறாங்களா?”

விளம்பர வருமானத்தில் வீடியோக்காரருக்கு 55 சதவீதம், மீதி கம்பெனிக்கு என்பது பங்கு. அப்பா சேவையில் ஒரு பொய்க் கணக்கு எழுதியவரில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “45 சதவீதம் புடிக்கிறாங்க” என்றார்.

“அடேங்கப்பா!” என்று பெண்ணின் அப்பா முதல் தடவையாக மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “கவர்ன்மென்ட்லகூட அவ்வளவு புடிக்க மாட்டாங்களே!”