மரம் மேலே ஏறட்டும்

பேச்சிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் ஒருத்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் நம் பிசியோதெரபி படிப்பு அவளுக்கென்று வைத்திருக்கும் மருந்து இது: குனியாதே, தூக்காதே, மூன்று வாரம் ஓய்வெடு. "குனியாம வெட்டணும்னா மரந்தான் மேல கேறணும் மக்களே" என்று அவள் திருப்பிக் கேட்டால், வெள்ளைக் கோட்டுப் பிள்ளை விழிக்கும். அது சிலபஸில் வராத கேள்வி.

மரம் ஏறாது, வெட்டுத்தான் இறங்கும். புது மரத்தில் நெஞ்சளவில் தொடங்கும் வெட்டு, பட்டையை மெல்லிசாகச் சீவிச் சீவி, சில வருஷங்களில் முழங்காலுக்கும் கீழே வந்துவிடும். கூடவே அவள் முதுகும் இறங்கும். அடிப்பட்டை தீர்ந்தபின் மேலே வெட்டச் சொன்னால் கழுத்தை அண்ணாந்துகொள்ள வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது. ஆகவே விடியுமுன், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, வழுக்கும் சரிவில் 300 மரம். ஒவ்வொரு மரத்திலும் மணிக்கட்டுக்கு அதே இழுப்பு, அதே திருப்பு. அப்புறம் சிரட்டை சிரட்டையாகப் பாலெடுத்து வாளியில் சுமக்க வேண்டும். தசை, எலும்பு, மூட்டு மூன்றையும் படிக்க இதைவிட நல்ல ஆய்வகம் எங்கே கிடைக்கும்? அரசே கழகம் வைத்து இந்தக் குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டம் நடத்துகிறது. அதே அரசு கிண்டியில் எம்.ஜி.ஆர். பெயரில் மருத்துவப் பல்கலைக்கழகமும் வைத்திருக்கிறது. இரண்டையும் அறிமுகம் செய்துவைக்கத்தான் ஆளில்லை.

மாணவன் ஆஸ்திரேலியாவின் மெயிட்லண்டைப் படிக்கிறான், நியூசிலாந்தின் மக்கென்சியையும் மல்லிகனையும் படிக்கிறான். படிக்கட்டும், பெரிய ஆட்கள். தங்களிடம் வந்த முதுகைத் தொட்டுப் பார்த்து முறை கண்டவர்கள். நாம் முறையை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு, தொட்டுப் பார்க்கும் புத்தியைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம். வர்மத்துக்குப் பேர்போன மாவட்டம் இது. ஆசான்மார் தடவிக் கட்டுவதில் எது தேறும், எது தேறாது என்று சோதித்துப் பார்க்கவாவது ஒரு வகுப்பு உண்டா? "அது சித்தாவின் எல்லை" என்பார்கள். இடுப்பில் கிளம்பிப் பாதம் வரை போகிற வலிக்குத்தான் எல்லை தெரியவில்லை.

2021-இல் பிசியோதெரபி போன்ற துறைகளுக்கான சட்டம் வந்தது, ஆணையம் அமைந்தது. 2025 ஏப்ரலில் நாடு முழுவதற்குமான புதுப் பாடத்திட்டம் வெளியானது. நாலரை வருஷப் படிப்பு ஐந்தாகும், கடைசி ஒரு வருஷம் பயிற்சி. சமுதாயம், ஊரகம், தொழில்நலம் என்று மங்கலச் சொற்களுக்கும் குறைவில்லை. அதையொட்டி நாடே தலைமயிரைப் பிய்த்துக்கொண்டது எதற்கு? பயிற்சியில் யார் முதுகைப் பார்ப்பது என்பதற்கா? பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா கூடாதா என்பதற்கு! செப்டம்பர் 8 உலக பிசியோதெரபி நாள். மறுநாளே டெல்லி சுகாதாரச் சேவைகள் இயக்ககம் போடக்கூடாது என்று கடிதம் விட்டது. அதற்கும் மறுநாள் கடிதத்தைத் திரும்பப் பெற்றது. அந்த வளைவை அளக்க எந்தக் கோனியோமீட்டராலும் ஆகாது. பட்டத்துக்கு வலித்தால் ஒரே நாளில் கோப்பு போய்த் திரும்புகிறது. பால் வெட்டுகிறவளுக்கு வலித்தால் டைக்ளோஃபெனாக்.

'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபின் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். நல்ல திட்டம், இதில் கிண்டல் இல்லை. ஆனால் வாசலில் வந்து நிற்கிற பிள்ளைக்கு நாம் ஆசையாகக் கற்றுக்கொடுத்தது பிளக்கில் சொருகும் வைத்தியம். சனங்களும் அதை 'கரண்டு வைக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் காணி மக்களின் குடியிருப்புகள் பலவற்றுக்குப் படகில்தான் போக வேண்டும். ஐஎஃப்டி என்கிற கரண்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய் எந்த மரத்தில் சொருகுவது?

1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையைக் கட்டிய என்ஜினீயர் மிஞ்சினின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வடிவமைத்த இடத்திலேயே அந்த வெள்ளைக்காரர் அடங்கிப்போனார். பாடத்திட்டக் குழுவிடம் அவ்வளவு தியாகம் கேட்கவில்லை. ஒரே ஒரு விடிகாலை வந்தால் போதும். கத்தி, லைட், வாளி எல்லாம் இங்கேயே தருவோம். 300 மரம் வெட்டி, பாலெடுத்து, வாளியோடு ஷெட்டுக்கு வந்ததும் குழு அங்கேயே கூடட்டும். நாற்காலி கிடையாது. பேராசிரியர்கள் நெளியும் நெளிவில் எது தசை, எது மூட்டு என்று முதலாண்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று குறிப்பெடுக்கட்டும். முதல் அலகு அதுதான்.