பணம் கட்டிய பிறகு மாறும் விதிகள்

? 1,499 ரூபாய் கட்டி ஒரு வருடத்துக்கு அமேசான் பிரைம் எடுத்தேன். பாதியில் விளம்பரம் போட ஆரம்பித்துவிட்டார்களே?
- திண்டுக்கல் வாசகர்

! 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் அப்படித்தான். விளம்பரம் வேண்டாமென்றால் வருடத்துக்கு மேற்கொண்டு 699 ரூபாய். புதிதாகச் சேருகிறவருக்கு இந்த விதி என்றால் அது வியாபாரம், பிடித்தால் வாங்குவார். மார்ச்சிலேயே முழுப் பணத்தையும் கட்டியவருக்கும் இதே விதி என்றால்? டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவரிடம் விக்கிரவாண்டியில் பஸ்ஸை நிறுத்தி, 'சீட்டுக்குத் தனிக் காசு' என்கிற கதை.

? 'எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்' என்று விதிமுறையிலேயே இருக்கிறதாம். நாம் 'சம்மதம்' அழுத்திவிட்டோமே?
- தஞ்சாவூர் வாசகி

! முழுக்கப் படித்துவிட்டு அழுத்தியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சிலை வைப்போம். அமெரிக்காவில் இதே விளம்பர விவகாரத்தில் போட்ட வழக்கு 2025-ல் தள்ளுபடியானது. கம்பெனிக்குக் கைகொடுத்தது அந்த 'மாற்றுவோம்' வரிதான். நம் ஊர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாடிக்கையாளரின் உரிமையைப் பெரிதாகப் பாதிக்கும் 'நியாயமற்ற ஒப்பந்தம்' மீது புகார் செய்ய இடம் உண்டு. ஆனால் அந்தப் புகாரை மாவட்ட ஆணையம் எடுக்காது. மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 699 ரூபாய்க்கு! கம்பெனிகளின் தைரியம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா?

? அந்தக் காலத்தில் 999 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' சிம் வாங்கினேன். நான் உயிரோடுதான் இருக்கிறேன். சிம் போய்விட்டதே?
- நாகர்கோவில் வாசகர்

! நீங்கள் நீடூழி வாழ்க. அந்த 'லைஃப்டைம்' உங்கள் ஆயுள் அல்ல, கம்பெனி லைசென்ஸின் ஆயுள் சார்! போதாக்குறைக்கு, 2018-ல் சில கம்பெனிகள் மாதம் 35 ரூபாய்க்காவது ரீசார்ஜ் செய்தால்தான் இணைப்பு என்றன.

? நியாயமாக விதியை மாற்ற வழியே இல்லையா?
- ஓசூர் வாசகர்

! ஏன் இல்லை? கிரெடிட் கார்டைப் பாருங்கள். கட்டணத்தை மாற்ற ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும், பழைய தேதியிட்டு மாற்றக்கூடாது, பிடிக்காதவர் பாக்கியைத் தீர்த்துவிட்டு வெளியேறினால் அதற்குத் தனிக் கட்டணம் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி. இதோடு மீதி மாதங்களின் பணத்தையும் திருப்பித் தரச் சொன்னால் எல்லாச் சேவைக்கும் பொருந்தும். வட்டி வாங்குகிறவரால் முடிகிறது, படம் காட்டுகிறவருக்கு என்ன கஷ்டம்?

? அதுவரை நான் என்ன செய்ய?
- அதே ஓசூர் வாசகர்

! ஆட்டோ-பேயை நிறுத்துங்கள். பணம் கட்டும் நாளில் சலுகைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விதி மாறினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.