துண்டு போதும்

1961இல் யூரி ககாரின் ஆரஞ்சு உடுப்பும் தலைக்கவசமுமாக விண்வெளிக்குப் போய்வந்தார். அமெரிக்காவின் மெர்க்குரி வீரர்களுக்கு அலுமினியம் பூசிய வெள்ளி உடுப்பு. பார்ப்பதற்கு நாடகக் கம்பெனி ஜிகினாதான்.

1963இல் ‘கலை அரசி’ படத்தில் நம் எம்.ஜி.ஆர். வேற்றுக்கிரகத்துக்கே போனார். கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படித்தவர் என்பதால் டெல்டாக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் உரிமை உண்டு. போதாததற்குப் படத்தில் அவர் விவசாயி வேறு. கதாநாயகி பானுமதியைக் கடத்திப்போன வேற்றுக்கிரகவாசிகளின் நோக்கம் பாட்டுக் கற்றுக்கொள்வது. கண்ணாடிக் குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சங்கதி போட முடியுமா? ஆகவே அந்தக் கிரகத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. நியாயம்தான். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தால் வில்லன் நம்பியாரை எப்போது அடிப்பது?

நம் வயலிலும் இதே கதைதான். பூச்சிமருந்து டப்பாவில் கையுறை, முகமூடி, பாதுகாப்பு உடுப்பு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் சம்பா வயலில் மருந்தடிப்பவர், முதுகு டேங்கை மட்டும் பார்த்தால், அசல் விண்வெளி வீரர். மற்றபடி மடித்துக்கட்டிய கைலி, மூக்கைச் சுற்றித் துண்டு. இப்போது டிரோனும் வந்துவிட்டது. பறக்கும் தட்டு மேலே மருந்தடிக்கிறது. வரப்பில் நின்று அதை ஓட்டுகிறவருக்கு அதே துண்டு, கூடுதலாக ஒரு கூலிங்கிளாஸ்.